திரும்பி வந்த பணம் யாருக்கு உரியது?

மனிதனிடம் பணம் பல வழிகளில் வந்து சேர்கிறது. உழைப்பின் பயனாக வருவது ஒன்று. முன்னோர் தேட்டமாக வருவது ஒன்று. பிறர் அன்பினால் தருவது மற்றொன்று. இவை ஒவ்வொன்றையும் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்று அறநூல்கள் விரிவாகப் பேசியுள்ளன. இக்காலத்தில் இன்னும் ஒரு வகைப் பணமும் இல்லங்களுக்கு வருகிறது. அது ஏற்கெனவே ஒருவருக்கு உரியதாக இருந்து, கையை விட்டுப் போய், சில மாதங்கள் கழித்து மீண்டும் அவரிடமே வந்து சேரும் பணம். வருமான வரித் துறை திருப்பித் தரும் தொகை அத்தகையது. மக்கள் பேச்சில் அதற்கு 'ரீஃபண்டு' என்று பெயர்.

கேரளமும் தமிழகமும் சந்திக்கும் மலையோரத்தில், வாளையார், கோவிந்தாபுரம் முதல் சின்னார், போடிமெட்டு, குமுளி வரையிலான எல்லைப் பகுதிகளில், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் பாலக்காடு ரயில்வே கோட்டத்தில் பணிபுரிவோர் உண்டு. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்களின் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள் உண்டு. எஸ்டேட் அலுவலக ஊழியர்களும், வங்கி வைப்புத்தொகையின் வட்டியை நம்பி வாழும் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. இவர்களுக்குச் சம்பளமோ வட்டியோ கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடிக்கப்படுகிறது. ஆண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்த பின், கூடுதலாகப் பிடித்தது திரும்ப வருகிறது.

ஓர் ஆசிரியரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாதம் 3,000 ரூபாய் வீதம் ஆண்டில் 36,000 ரூபாய் பிடிக்கப்பட்டது. சேமிப்பு, காப்பீடு, வீட்டுக் கடன் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தபோது, அவர் உண்மையில் செலுத்த வேண்டியது 16,000 ரூபாய் என்று தெரிந்தது. மீதி 20,000 ரூபாய் ஒருநாள் அவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. கைபேசியில் செய்தி வருகிறது. மனம் மகிழ்கிறது. "எதிர்பாராமல் ஒரு தொகை வந்தது" என்று அவர் எண்ணுகிறார். சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

பெயர் தரும் மயக்கம்

மனத்துக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. எல்லாப் பணமும் ஒரே பணம்தான் என்பதை அது ஏற்பதில்லை. பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் ஒரு முடிச்சும், அரிசிப் பானையில் ஒரு முடிச்சும், முந்தானையில் ஒரு முடிச்சுமாகக் காசை வைத்திருந்தது போல, மனமும் தனக்குள் பல முடிச்சுகளை வைத்திருக்கிறது. 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் இதற்கு 'மனக்கணக்கு' என்று பெயரிட்டார். சம்பளம் என்ற முடிச்சை அவிழ்க்கத் தயங்கும் கை, 'மேல் வரவு' என்ற முடிச்சைத் தயங்காமல் அவிழ்த்து விடுகிறது.

நிக்கோலஸ் எப்லி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே அளவான தொகை இரு சாராருக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு சாராரிடம் அது 'போனஸ்' என்று சொல்லப்பட்டது. மறு சாராரிடம் அவர்களிடமிருந்து பெற்றதில் திருப்பித் தரப்படும் தொகை என்று சொல்லப்பட்டது. போனஸ் என்று கேட்டவர்கள் அதிகமாகச் செலவழித்தனர். திரும்பி வந்தது என்று கேட்டவர்கள் அதிகமாக மிச்சப்படுத்தினர். பணம் ஒன்றே, பெயர் மாறியவுடன் மனிதரின் நடத்தையும் மாறியது.

பெயரின் ஆற்றல் மூணாறு மலைகளில் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் திரண்டு ஒன்பது நாட்கள் சாலையில் அமர்ந்து போராடினர். 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரால் நாடு அவர்களை அறிந்தது. அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதே போராட்டத்தின் உடனடிக் காரணம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று கொண்டால் மொத்தக் கூலி 69,600 ரூபாய். அதில் 10 சதவீதம் 6,960 ரூபாய், அதாவது 30 நாள் கூலி. முடிவில் 20 சதவீதம் தர ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் 8.33 சதவீதம் போனஸ் என்றும், எஞ்சிய 11.67 சதவீதம் கருணைத் தொகை என்றும் பெயர் பெற்றன. 8.33 சதவீதம் என்பது 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் விதித்த குறைந்தபட்ச அளவு.

பச்சைக் கொழுந்தைக் கிள்ளிய விரல்களுக்கு, ஒரே உழைப்பின் ஒரு பகுதி உரிமை என்றும் மறு பகுதி கருணை என்றும் பெயரிடப்பட்டது. அந்தப் பெண்களின் மனத்திலோ இரண்டும் ஒன்றே. அந்தத் தொகை கைக்கு வருவதற்கு முன்பே அதற்குரிய இடங்கள் காத்திருந்தன: பிள்ளையின் படிப்பு, மளிகைக் கடைப் பாக்கி, அடகு வைத்த நகை. அவர்களிடம் 'எதிர்பாராத வரவு' என்ற முடிச்சே இருந்ததில்லை.

வரி திரும்பப் பெறுபவர் இவர்களிடமிருந்து கற்க வேண்டியது இந்தத் தெளிவு. சட்டமும் இவ்வாறே பார்க்கிறது. கூடுதலாகப் பிடித்த வரி திரும்பும்போது அது வருமானமாகக் கருதப்படுவதில்லை. அதற்காக அரசு தரும் வட்டி மட்டுமே வருமானக் கணக்கில் சேர்கிறது. புதிதாக எதுவும் வரவில்லை, போனது வந்தது. இந்த உண்மையை மனத்தில் நிறுத்துவதே விவேகத்தின் முதற்படி.

தனக்கு உரியதுதானா?

இரண்டாவது படி நேர்மை. திரும்பி வந்த தொகை முறையாகத் திரும்பி வந்ததா என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. தராத நன்கொடையைத் தந்ததாகவும், செலுத்தாத காப்பீட்டைச் செலுத்தியதாகவும், இல்லாத கடனுக்கு வட்டி கட்டியதாகவும் காட்டி ரீஃபண்டு பெற்றுத் தரும் இடைத்தரகர்களைப் பற்றிய நடவடிக்கை அது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களே முன்வந்து கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றனர் என்று அரசு அப்போது அறிவித்தது.

இச்செய்தியில் வருத்தமும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. இத்தனை பேர் பொய் சொன்னார்கள் என்பது வருத்தம். நினைவூட்டிய அளவில் இத்தனை பேர் திருத்திக்கொண்டார்கள் என்பது நம்பிக்கை. பொய்க் கணக்கால் பெற்ற தொகையைக் கொண்டு கோயிலுக்கு விளக்கேற்றினாலும் ஏழைக்கு உணவளித்தாலும் அது தானமாகாது. பிறர் பொருளைக் கொடுப்பதில் தியாகம் ஏது? அத்தகைய தொகைக்கு ஒரே நற்பயன்தான் உண்டு: வந்த வழியே அதைத் திருப்பி அனுப்புதல்.

குறைவைத் தாங்கியவர் யார்?

பணம் நேர்மையாகத் திரும்பியது என்று கொண்டால், அடுத்துப் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, "இதை எதற்குச் செலவழிக்கலாம்?" என்பது. அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. இந்தப் பணம் இல்லாதிருந்த மாதங்களில் அந்தக் குறைவை யார் தாங்கினார்?

ஆசிரியரின் கணக்கில் 20,000 ரூபாய் கூடுதலாகப் பிடிக்கப்பட்டது என்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 1,700 ரூபாய் வீட்டுக்கு வராமல் போயிற்று என்று பொருள். குடும்பம் அதற்கேற்பச் சுருங்கியிருக்கும். ஆனால் ஒரு குடும்பம் சுருங்கும்போது எல்லோரும் சமமாகச் சுருங்குவதில்லை. முதியவரின் கண் பரிசோதனை அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறது. மகளின் தட்டச்சு வகுப்பு நிறுத்தப்படுகிறது. இல்லத்தரசி தமக்கு வேண்டியதைக் கேட்காமலே இருந்துவிடுகிறார். சம்பளம் வாங்குபவரின் காலைத் தேநீரும் நாளிதழும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. வீட்டில் குரல் குறைந்தவர் மீதே குறைவு போய் இறங்குகிறது.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் நீதியை ஆராயும்போது இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். பொதுவான செல்வத்தைத் தகுதிக்கேற்பப் பங்கிடுவது ஒரு வகை. ஒருவருக்கு நேர்ந்த இழப்பைச் சரிசெய்து பழைய சமநிலையை மீட்பது மற்றொரு வகை. ரீஃபண்டு என்பதே அரசு குடிமகனுக்குச் செய்யும் இரண்டாம் வகை நீதி. கூடுதலாக எடுத்ததைக் கணக்குப் பார்த்து அரசு திருப்பித் தருகிறது; தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துத் தருகிறது. அரசிடமிருந்து இந்த நீதியைப் பெற்றவர், அதை வீட்டின் வாசலோடு நிறுத்திவிடலாமா? குறைவைத் தாங்கியவருக்கு அதைக் கொண்டு சேர்த்தால்தான் அந்த நீதி முழுமை பெறும்.

கேரளத்தின் அரசு ஊழியர்கள் இதற்கு நெருக்கமான ஓர் அனுபவத்தைக் கடந்தவர்கள். கொரோனா தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் முதல் ஐந்து மாதங்களுக்கு, மாதம் ஆறு நாள் சம்பளம் வீதம் அரசு நிறுத்தி வைத்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைத் தொடர்ந்தது. நிறுத்தி வைத்த அந்த 30 நாள் சம்பளத்தை 2021-இல் திருப்பித் தரத் தொடங்கியது. அந்த ஐந்து மாதங்களில் ஒவ்வொரு வீட்டிலும் எதையோ ஒருவர் விட்டுக் கொடுத்திருப்பார். பணம் திரும்பியபோது அவர் நினைவுக்கு வந்தாரா என்பதே ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய அறக்கேள்வி.

"யார் எவ்வளவு தாங்கினார் என்று யாரால் கணக்கு வைக்க முடியும்? அன்புள்ள வீட்டில் இப்படிக் கணக்குப் பார்ப்பது அழகா?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பைசா கணக்கு இங்கே வேண்டியதில்லை. வேண்டியது ஒரு சிறு செயல். ரீஃபண்டு வந்த செய்தி ஒரே ஒருவரின் கைபேசிக்குத்தான் வருகிறது. அவர் சொல்லாவிட்டால் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அன்று மாலை எல்லோரும் கூடியிருக்கும்போது, "இவ்வளவு திரும்பி வந்திருக்கிறது, இந்த ஆண்டு நாம் எதையெல்லாம் தள்ளிப்போட்டோம்?" என்று அவர் கேட்டால் போதும். தாங்கியவர் வாய் திறப்பார்; அல்லது அவருக்காக இன்னொருவர் பேசுவார். சொல்லாமல் வைத்துக்கொள்ளும் பணம் சுயநலத்தை வளர்க்கும். சொல்லிக் கேட்கும் பணம் உறவை வளர்க்கும்.

கடன் என்ற சொல்

தள்ளிப்போட்டவற்றின் பட்டியலில் பல வீடுகளில் முதலில் நிற்பது கடன். தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு வாங்கிய தொகை என்றும் பொருள். கடமை என்றும் பொருள். திருப்பித் தர வேண்டியதையும் செய்ய வேண்டியதையும் ஒரே சொல்லால் வழங்கிய முன்னோரின் நோக்கு ஆழமானது.

கணக்கும் அதையே சொல்கிறது. திரும்பத் தரும் வரிக்கு, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அரசு தரும் வட்டி மாதத்துக்கு அரை சதவீதம். 20,000 ரூபாய்க்கு அது மாதம் 100 ரூபாய். அதே 20,000 ரூபாயை ஒருவர் 'மூன்று வட்டிக்கு' வாங்கியிருந்தால் மாதம் 600 ரூபாய் கட்ட வேண்டும். அப்படியொரு கடனை வைத்துக்கொண்டு, திரும்பி வந்த தொகையில் புதிய கைபேசி வாங்குபவர், தம் வீட்டுக் கூரையில் ஓட்டை இருக்கத் திண்ணைக்கு வண்ணம் பூசுபவரை ஒத்தவர். கந்துவட்டியின் கொடுமை கேரளத்தில் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு, 2014-இல் அம்மாநிலக் காவல்துறை 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் மாநிலம் தழுவிய நடவடிக்கை எடுக்க நேர்ந்ததே சான்று. செல்வத்தின் தெய்வமான குபேரனின் பெயர் வட்டிக் கொடுமையோடு சேர்ந்தது காலத்தின் விந்தை.

அதிக வட்டிக் கடனை அடைப்பதும், கடன் இல்லாதவர் நோய்க்கும் இடருக்கும் என்று ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பதும் வெறும் சிக்கனம் என்று நினைத்துவிடக் கூடாது. கடன்பட்டவர் நாளைய உழைப்பை இன்றே விற்றவர். அவர் கடனை அடைக்கும்போது தம் நாளைய நாட்களை மீட்டுக்கொள்கிறார். அந்த விடுதலையில் அறம் இருக்கிறது.

மாவலியும் சுக்கிரரும்

பாக்கிகள் தீர்ந்த பின்னும் ஏதேனும் எஞ்சினால், அப்போதுதான் பங்கீட்டைப் பற்றிய பேச்சு வருகிறது. இதற்கு ஓணத் திருநாளின் நாயகனாகிய மாவலியின் வரலாற்றில் ஒரு பாடம் உள்ளது.

வாமனர் மூன்றடி மண் கேட்டபோது, மாவலி தருவதாக வாக்களித்தான். குலகுருவான சுக்கிராசாரியார் தடுத்தார். பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் அவர் அப்போது கூறும் அறிவுரை புகழ்பெற்றது. செல்வத்தை ஐந்தாகப் பிரித்து அறத்துக்கும், புகழுக்கும், மேலும் பொருள் ஈட்டுவதற்கும், இன்பத்துக்கும், சுற்றத்தாருக்கும் பயன்படுத்துபவன் இம்மையிலும் மறுமையிலும் மகிழ்வான் என்பது அதன் கருத்து. தனித்துப் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நிதி ஆலோசகர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் அந்த அறிவுரை எந்த வேளையில் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுத்த வாக்கை மீறச் செய்வதற்காக அது சொல்லப்பட்டது. மாவலி அதைக் கேட்டான்; குருவின் நோக்கத்தை மதித்தான்; ஆனாலும் சொன்ன சொல்லைக் காத்தான். அதனால்தான் மலையாள நாடு சுக்கிரருக்கு விழா எடுக்காமல் மாவலிக்கு விழா எடுக்கிறது. பங்கிடும் அறிவு நல்லது. கொடுத்த வாக்கையும் நிலுவையில் உள்ள கடமையையும் தட்டிக்கழிக்கும் கருவியாக அது மாறினால், அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் சொல்லலாம். விவேகம் என்று சொல்ல முடியாது. "கையில் பணம் வரட்டும், பார்க்கலாம்" என்று உடன்பிறந்தவருக்கோ, உதவி கேட்ட பக்கத்து வீட்டாருக்கோ, வீட்டு வேலை செய்யும் அம்மையாருக்கோ சொல்லியிருந்தால், அதுவும் ஒரு வாக்குதான். பணம் வந்த நாளில் அந்த வாக்கு விழித்துக்கொள்கிறது.

இதனால் தமக்கென்று எதுவும் செய்துகொள்ளக் கூடாது என்று பொருள் கொள்ள வேண்டாம். திருவள்ளுவர் இல்லறத்தாரின் கடமைகளை ஐந்தாக வகுத்தபோது, முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரைச் சொல்லி, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்த்தார். ஆண்டு முழுதும் தள்ளிப்போட்ட ஒரு குடும்பப் பயணமோ, ஒரு நல்ல புத்தகமோ, பண்டிகைக்கு ஒரு புடவையோ கடமைப் பட்டியலுக்குப் புறம்பானவை அல்ல. வரிசையில் ஐந்தாவதாக நிற்பவர் முதலாவதாக வந்து நிற்பதுதான் தவறு.

திரும்பாத வரி

இறுதியாக ஒன்று சிந்திக்கத்தக்கது. ரீஃபண்டு பெறும் வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை.

வாளையாரில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலத்தில், சரக்கு லாரிகள் நெடுந்தூரம் வரிசையில் காத்து நிற்கும். வரி என்பது அப்போது கண்ணால் காணக்கூடிய காட்சியாக இருந்தது. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபின் அந்தச் சாவடி மறைந்தது. வரி மறையவில்லை, பொருளின் விலைக்குள் போய் அமர்ந்துகொண்டது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குச் செல்லும் பெண் வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் அவர் வாங்கும் சோப்பின் விலையில் வரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பின் மீதான வரி 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அதுவரை அவர் செலுத்திய எதுவும் அவருக்குத் திரும்பி வரவில்லை, வரப்போவதும் இல்லை. கணக்குத் தாக்கல் செய்து கேட்டுப் பெறுவதற்கு அவருக்கு ஒரு படிவமும் கிடையாது.

வரியைத் திரும்பப் பெறுபவர் இதை நினைத்துப் பார்த்தால், 'என் பணம் எனக்கு வந்தது' என்ற எண்ணத்தின் கூர்மை சற்று மழுங்கும். தாம் செலுத்தியது திரும்பி வந்தது தம் திறமையால் மட்டுமன்று; தமக்குக் கிடைத்த கல்வியாலும், நிலையான வேலையாலும், சட்டம் தந்த வாய்ப்பாலும் என்று புரியும். அந்தப் புரிதலிலிருந்து பிறக்கும் சிறு பங்கு, லயத்துப் பிள்ளை ஒருவனின் பாடநூல் செலவாகவோ, நோயுற்ற தோட்டத் தொழிலாளியின் பேருந்துக் கட்டணமாகவோ சென்று சேரட்டும். அதற்குக் கருணைத் தொகை என்று பெயரிட வேண்டாம். அதுவும் ஒரு வகையில் திருப்பித் தருதலே.

பணம் போகும்போது அது யாரைத் தொட்டுச் சென்றதோ, திரும்பும்போதும் அவரைத் தொட்டு வர வேண்டும். அந்த வழியில் திரும்பும் தொகை சிறியதானாலும், இல்லத்துக்கு நிறைவைத் தரும்.